அம்மா காதுக்கு ஒரு ஸ்பீக்கர், என் காதுக்கு ஒரு ஸ்பீக்கர்

2016-இல் நானே கட்டிய ஸ்பீக்கர் ஜோடி இது. கீழ் சுருதிக்கு ஆறரை அங்குல ஊஃபர், அதற்கு மேலே உச்ச சுருதிக்கு ஒரு அங்குல டோம் ட்வீட்டர், 38 செ.மீ. உயரப் பெட்டி. ஊஃபரின் மையத்துக்கும் ட்வீட்டரின் மையத்துக்கும் இடையே பதினாலரை சென்டிமீட்டர். காயில், கண்டன்சர் எல்லாம் ரிச்சி தெருவில் வாங்கி, ஒலியை இந்த இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரை 3 கிலோஹெர்ட்ஸில் போட்டிருந்தேன். ஸ்டாண்ட் வைக்க ஹாலில் இடமில்லாததால், நாலடி உயர ஷோகேஸ் மேல் ஏற்றிவிட்டேன். முதல் மூன்று வருடம் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

அம்மாவுக்குத்தான் தெரிந்தது. அவர் தரையில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டோ கீரை ஆய்ந்துகொண்டோதான் பாட்டு கேட்பார். “பாடுறவங்க வாய்ல துணியைக் கட்டின மாதிரி இருக்குடா” என்று அடிக்கடி சொல்வார். சோபாவில் இருந்த எனக்குக் குரல் தெளிவாகத்தான் இருந்தது. வயசானால் காது மந்தம் என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டேன். அது தப்பு.

2019-இல் ஒரு பெட்டியின் டெர்மினல் உடைந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையுமே ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். திருப்பித் தரும்போது, “ரெண்டுலயும் ட்வீட்டர் ஒயர் மாறியிருந்துச்சு சார், சரி பண்ணிட்டேன்” என்றார். நான் அதைக் காதில் வாங்கவே இல்லை. வீட்டில் வைத்ததும் அம்மா சொன்னார்: “இப்பதான்டா வாயைத் திறந்து பாடுறாங்க.” எனக்கோ குரல் பானைக்குள் இருந்து வருவதுபோல் இருந்தது. ஒரே ஹால், ஒரே பாட்டு, இரண்டு தீர்ப்பு. இரண்டு நாள் மண்டை காய்ந்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

நான் கட்டியது ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் இரட்டிப்பதற்கோ பாதியாவதற்கோ, 12 டெசிபல் சரிவுள்ள கிராஸ்ஓவர். அந்த வகையில், பிரியும் இடத்தில் ஊஃபரின் ஒலியும் ட்வீட்டரின் ஒலியும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்க் கட்டத்தில் இருக்கும். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். அதனால் ட்வீட்டரின் ப்ளஸ், மைனஸை வேண்டுமென்றே மாற்றி இணைத்திருந்தேன். மெக்கானிக் அண்ணன் நல்ல மனசோடு சிவப்பைச் சிவப்போடு சேர்த்துவிட்டார். இப்போது நேர் எதிரே காது இருந்தால் 3 கிலோஹெர்ட்ஸில் இரண்டும் அடித்துக்கொண்டு காணாமல் போகும். சோபாவும் கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான்.

அப்படியானால் அம்மாவுக்கு மட்டும் எப்படி நன்றாகக் கேட்டது? டேப் எடுத்து அளந்தேன். இரண்டு டிரைவருக்கும் (ஊஃபர், ட்வீட்டர்) நடுப்புள்ளி தரையிலிருந்து 143 செ.மீ. தரையில் உட்கார்ந்தால் காது 70-இல். ஷோகேஸிலிருந்து அம்மா 180 செ.மீ. தள்ளி. 22 டிகிரி கீழே வருகிறது. 3 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் பதினொன்றரை செ.மீ. பதினாலரை இடைவெளியில், சுமார் 23 டிகிரி கோணத்தில் ஒரு டிரைவரின் ஒலி மற்றதைவிட அரை அலைநீளம் பிந்தி வரும். நான் ‘சரியாக’ இணைத்திருந்தபோது, ஒலி செத்துப்போகும் அந்த இடத்தில்தான் அம்மா மூன்று வருடமாக உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் ஒயரை மாற்றியதும் பள்ளம் அங்கிருந்து கிளம்பி என் பக்கம் வந்துவிட்டது.

பள்ளம் விழுந்த இடமும் மோசமான இடம். நம் காது மிகக் கூர்மையாக இருக்கும் பகுதி அது. க, ச, ட போன்ற வல்லினங்களின் தெறிப்பில் பெரும்பங்கு 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் வரும். அது போனால் ராகம் கேட்கும், சாகித்யம் புரியாது.

2020-இல் கிராஸ்ஓவரைப் பிய்த்துப் புதிதாகச் செய்தேன். 24 டெசிபல் சரிவு, பிரியும் இடம் 1.9 கிலோஹெர்ட்ஸ். ஹியூலெட் பேக்கார்டில் பொறியாளராக இருந்த சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் 1976-இல் எழுதிய கட்டுரையால் பரவிய முறை இது. லிங்க்விட்ஸ்-ரைலி என்பார்கள். பிரியும் இடத்தில் இரண்டும் ஆறு டெசிபல் இறங்கி, ஒரே கட்டத்தில் சேர்ந்து நிரப்பிக்கொள்ளும். ஒயரை மாற்றும் வேலை இல்லை. (மெக்கானிக்குக்கும் குழப்பம் இல்லை.) அலைநீளம் 18 செ.மீ. ஆனதால் பள்ளம் 39 டிகிரிக்குத் தள்ளிப்போனது. தரையில் இன்னும் நாலைந்து டெசிபல் குழிவு மிச்சம் இருந்தது. பெட்டிகளின் பின்பக்கம் இரண்டு அங்குல மரக்கட்டை வைத்து, முகத்தைப் பத்து டிகிரி குனியவைத்தேன். வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர் ஷீட். அதோடு அம்மாவின் புகார் நின்றது.

இதில் எதிர்பாராத லாபம் ஒன்று. ஆறரை அங்குல ஊஃபர் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் போகும்போது டார்ச் லைட் மாதிரி நேராக மட்டும் அடிக்க ஆரம்பிக்கும். அந்த இடத்தில் ட்வீட்டரோ நாலா பக்கமும் வீசும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவது நேரே தெரியாவிட்டாலும், சுவரிலும் மொசைக் தரையிலும் பட்டுத் திரும்பும் ஒலியில் தெரியும். பிரியும் இடத்தை 1.9-க்கு இறக்கிய பிறகு மிருதங்கத்தின் தொப்பியும் வலந்தலையும் ஒரே வாத்தியமாகக் கேட்டன. அதற்கு முன்பு இரண்டு பேர் வாசிப்பதுபோல் இருந்ததே எனக்கு உறைக்கவில்லை.

ஆனால் எல்லா ட்வீட்டரையும் இப்படி இறக்க முடியாது. அதன் இயல்பான ஒத்ததிர்வு அதிர்வெண் குறைவாக இருக்க வேண்டும், சத்தம் கூட்டினால் தாங்கவும் வேண்டும். என்னுடையது தாங்குகிறது. கல்யாண வீட்டு வால்யூமுக்கு உத்தரவாதம் தர மாட்டேன்.

இதே கோளாறைப் படுக்கவைத்தும் பார்த்திருக்கிறேன். என் மச்சான் வீட்டு டிவிக்குக் கீழே சென்டர் ஸ்பீக்கர்: இரண்டு ஊஃபர், நடுவில் ட்வீட்டர். ஜோசப் டி அப்போலிட்டோ 1983-இல் விளக்கிய அடுக்கு இது, ஆனால் அவர் செங்குத்தாக நிற்க வைத்தார். அப்போது குறுகுவது மேல், கீழ் வீச்சு. படுக்கவைத்தால் குறுகுவது பக்கவாட்டு வீச்சு. சோபா ஓரத்தில் உட்கார்ந்த அக்காவுக்கு வசனம் புரியாமல் சத்தத்தைக் கூட்டச் சொல்வார். நடுவில் வந்து உட்காருங்கள் என்றேன். புரிந்தது.

போன வருடம் நண்பர் வீட்டில் கெஃப் கம்பெனியின் எல்எஸ்50 ஸ்பீக்கரைக் கேட்டேன். ஊஃபரின் நடுவிலேயே ட்வீட்டர். டேனாய் கம்பெனி 1947-லேயே இப்படி ஒன்றைச் செய்தது. கெஃப் இந்த அமைப்பை யூனி-க்யூ என்ற பெயரில் 1988-இல் கொண்டுவந்தது. இடைவெளி என்ற ஒன்றே இல்லாததால் தரையில், சோபாவில், நின்றுகொண்டு என்று எப்படிக் கேட்டாலும் குரல் மாறவில்லை. பொறாமையாகத்தான் இருந்தது. பேஸ் மட்டும் என் பெட்டியில் கூடுதல் என்று சொல்லி மனசைத் தேற்றிக்கொண்டேன்.

பராமரிப்பு என்று பார்த்தால் ஒரே ஒரு வேலைதான். கிராஸ்ஓவரில் இருந்த எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர்கள் நம் ஊர் வெக்கையில் காய்ந்து, 2023-இல் ட்வீட்டர் மங்கியது. பாலிப்ரொப்பிலீன் வகைக்கு மாற்றினேன். சத்தம் ஒரு சிட்டிகை தூக்கலாக வந்தது. தொடரில் சின்ன ரெசிஸ்டர் போட்டதும் அடங்கியது.

அம்மா இப்போது முட்டிவலியால் சோபாவுக்கு வந்துவிட்டார். தரையைப் பிடித்துக்கொண்டவன் என் மகன். ஷோகேஸுக்கு ஒரு மீட்டர் சொச்சம் முன்னால், தலையணை போட்டுப் படுத்துக் கேட்கிறான். மரக்கட்டையின் பத்து டிகிரியைக் கழித்துக் கணக்குப் போட்டேன். சரியாக 39.