ஐடில் மிக்சர் டியூனிங்: காதா, வேக்யூம் கேஜா, கேஸ் அனலைசரா?

கார்புரேட்டர் வண்டி ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் நிற்கும்போது ஓட, பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை மிக்சர் ஸ்க்ரூவால் சரிசெய்கிறோம். அதற்கு வழிகாட்ட காது, வேக்யூம் கேஜ், கேஸ் அனலைசர் என மூன்று உண்டு. எந்த வழியில் போனாலும் இன்ஜின் நன்றாகச் சூடாகி, சோக் முழுசாகத் திறந்திருக்க வேண்டும். டைமிங்கும் (பிளக் பொறி விடும் நேரம்) வால்வ் கிளியரன்ஸும் (வால்வ் இடைவெளி) முன்பே சரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோளாறு ஓரிடத்தில் இருக்க, ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருப்போம்.

காதை நம்பினால் செலவில்லை. ஸ்க்ரூவை உள்ளே திருகத் திருக இன்ஜின் உதறும், அதுதான் லீன் (பெட்ரோல் குறைந்த கலவை), உடனே தெரிந்துவிடும். ஆனால் ரிச் (பெட்ரோல் கூடிய கலவை) பக்கம் அப்படியில்லை, கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் போனாலும் ஆர்பிஎம் பெரிதாக மாறாது, ஓட்டமும் மென்மையாகத்தான் இருக்கும். அதனால் காதை மட்டும் வைத்து டியூன் செய்த வண்டிகள் பெரும்பாலும் ரிச்சாகவே நிற்கின்றன, பிளக்கைக் கழற்றினால் கரி.

என் ஓட்டு, இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தை அளக்கும் வேக்யூம் கேஜுக்குத்தான். டியூபை த்ராட்டில் தகட்டுக்குக் கீழே, மேனிஃபோல்ட் (கலவை இன்ஜினுக்குள் போகும் குழாய்) வேக்யூம் வரும் இடத்தில் மாட்டவேண்டும். த்ராட்டிலுக்கு மேலே உள்ள துளையில் மாட்டினால் ஐடிலில் முள் அசையவே அசையாது. கடல்மட்டத்தில் நல்ல இன்ஜின் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்டும், ஒவ்வொரு 1000 அடி உயரத்துக்கும் சுமார் ஓர் அங்குலம் குறையும். ஸ்க்ரூவைத் திருகி முள் உச்சிக்குப் போனதும், அது இறங்கத் தொடங்கும் வரை மெதுவாக உள்ளே திருகி, அப்புறம் ஒரு துளி வெளியே எடுத்தால் போதும். இதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு: முள் ஆடாமல் தாழ்வாகவே நின்றால் டைமிங் பின்தங்கியிருக்கலாம், அல்லது எங்கோ காற்று உறிஞ்சுகிறது, ஒரே தாளத்தில் விட்டுவிட்டு விழுந்தால் வால்வைச் சந்தேகிக்கலாம். ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாம் என்று இந்தக் கருவி சொல்லிவிடும்.

சைலன்சர் புகையை அளக்கும் கேஸ் அனலைசர் கார்பன் மோனாக்சைடைச் சதவீதமாகவே காட்டும், புகைப் பரிசோதனைக்கு அந்த எண்தான் செல்லும். ஆனால் சைலன்சர் குழாயில் சின்ன ஓட்டை இருந்தால் வெளிக்காற்று கலந்து, உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். வீட்டில் வைத்துக்கொள்ள விலையும் அதிகம்.

எஸ்யூ கார்புரேட்டர் என்றால் மட்டும் நானும் காதுக்குத்தான் போவேன். அந்தக் கார்புரேட்டருக்குள்ளேயே இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள்: வேகம் ஏறி அப்படியே நின்றால் ரிச், இன்ஜின் தடுமாறினால் லீன், ஒரு கணம் லேசாக ஏறி இறங்கினால் சரி.