காமடோர் 64: இன்றும் வாங்கலாமா?
1982இல் வெளிவந்த காமடோர் 64 கணினியை இன்று வாங்குவது வீண் ஆசையா என்று கேட்பவர்களுக்கு, அதன் ஒலியை ஒருமுறை கேட்டுப் பாருங்கள் என்பதே என் பதில். பாப் யான்ஸ் வடிவமைத்த சிட் (SID) என்னும் ஒலிச் சில்லு ஒரே நேரத்தில் மூன்று குரல்களை, அதாவது மூன்று தனித்தனி ஒலிகளை மட்டுமே தரும். ஆயினும் அக்கால நிரலர்கள் ஒரு குரலுக்குள்ளேயே சுரங்களை மிக வேகமாக மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து, பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது போன்ற மயக்கத்தை உண்டாக்கினார்கள்.

சுவிட்சைப் போட்டவுடன், நினைவகத்தில் 38911 பைட்டுகள் மிச்சமிருப்பதாக நீலத் திரை அறிவிக்கிறது. 64 கிலோபைட்டில் மீதி எங்கே போயிற்று என்று திகைக்க வேண்டாம். அதில் பெரும்பகுதியை பேசிக் (BASIC) நிரல்மொழியைத் தாங்கிய ரோம் (ROM) என்னும் நிலை நினைவகம் முதலியவை மறைத்திருக்கின்றன, இயந்திர மொழி அறிந்தவர் அவற்றை விலக்கி அடியிலுள்ள நினைவகத்தையும் எடுத்தாளலாம். எனக்கு இந்தக் கணினியில் மிகவும் பிடித்த வித்தை இதுதான்.

விசைப்பலகை உயரமாக இருப்பதால் மணிக்கட்டு வலிக்கும். 1541 என்ற வட்டு இயக்கியோ படுமந்தம். ஒரு விளையாட்டு ஏறுவதற்குள் காபி போட்டுக் குடித்துவிடலாம். பழைய மின்வழங்கியை மட்டும் நம்பாதீர்கள்: அது பழுதானால் 5 வோல்ட்டாக இருக்க வேண்டிய மின்னழுத்தம் எகிறி, நினைவகச் சில்லுகளைப் பொசுக்கிவிடும். புதியது ஒன்றை வாங்கிய பிறகே கணினியை இயக்குங்கள்.