முதியவர்களுக்குச் 'சத்து டிரிப்' ஏற்றும் மையத்தில் ஏமாந்தோம்

என் அம்மாவுக்கு வயது 74. அவருடைய மூன்று மாத ஓய்வூதியத்தை முன்பணமாகக் கட்டி, பத்து முறை வைட்டமின் டிரிப் ஏற்றும் திட்டத்தில் அவரைச் சேர்த்தவன் நான்தான். அந்தப் பணம் திரும்பக் கிடைக்காது என்று இன்று காலை முடிவாகச் சொல்லிவிட்டார்கள்.

நாங்கள் போனது மருத்துவமனை அன்று, அழகுச் சிகிச்சையோடு சேர்த்து இதையும் செய்யும் ஒரு மையம். வெள்ளை அங்கி அணிந்த பெண் அம்மாவின் காலருகே அமர்ந்து, நரம்பு எழும்பிய அந்தக் கையைத் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டு, "பத்தே வாரத்தில் தனியாகப் படியேறுவீர்கள் அம்மா" என்றார். அம்மாவின் கண் கலங்கியது, நான் கையெழுத்துப் போட்டேன். இதயம் பலவீனமாகி, உடலில் தேங்கும் நீரை வெளியேற்றும் நீர் மாத்திரை சாப்பிடுகிறவரா என்று யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னபோதும், "இது வெறும் சத்துதானே" என்று தலையசைத்தார்கள்.

மறுநாள் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போனதும், நச்சு வெளியேறுகிறது என்றார்கள். உடல் ஏற்காத வைட்டமின் பி2 தான் அப்படி வெளியேறும் என்பது பின்னர்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இரண்டாவது டிரிப் முடிந்த இரவு அம்மாவுக்குக் கணுக்கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியது. அவர்கள் ஏற்றிய 500 மி.லி. உப்புநீரில் மட்டும் 4.5 கிராம் உப்பு இருக்கிறது என்றும், ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உண்ண வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதையே இது ஏறக்குறைய எட்டிவிட்டது என்றும் இதய மருத்துவர் விளக்கினார். சோர்வுக்குக் காரணம் பி12 குறைபாடு. அதற்கு மாத்திரையே போதும் என்றார்.

மையத்தை அழைத்தால் முதலில் மேலாளர் விடுப்பு, அடுத்து கணக்குப் பிரிவைக் கேளுங்கள், கடைசியில் மீதமுள்ள எட்டு முறையை வேறு உறவினருக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்ற பதில்! மூன்று மாத ஓய்வூதியம், பெற்றது இரண்டு புட்டி.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. முதலில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அதிக அளவு வைட்டமின் சி ஏற்ற விடாதீர்கள், அது ஆக்சலேட் என்னும் கழிவுப்பொருளாக மாறிச் சிறுநீரகத்திலேயே படியக்கூடும். புட்டியில் என்னென்ன, எவ்வளவு என்று எழுதித் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அம்மா இன்னும் மூன்று தலையணை வைத்துத்தான் உறங்குகிறார்.