பக்கத்து வீட்டு நாய்: பேசுவதா, புகாரா?

மொட்டை மாடியில் நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கிறது நாய். தண்ணீர்க் கிண்ணமோ காலி. வீட்டுக்காரரிடம் பேசுவதா, புகார் கொடுப்பதா?

பேசினால் பலன் அன்றைக்கே கிடைக்கலாம். பல வீடுகளில் காரணம் கொடூரமல்ல: ஆசையாக வாங்கிய பிள்ளை வெளியூர் வேலைக்குப் போயிருப்பான், நாய் வயதான பெற்றோர் தலையில் விழுந்திருக்கும். "சார், வெயில் ஜாஸ்தியா இருக்கே, நான் வேணா தண்ணி வெச்சுட்டுப் போகவா?" என்று ஆரம்பிக்கலாம். "உங்க வேலையைப் பாருங்க" என்ற பதிலும் வரலாம்.

புகாருக்குச் சட்டம் துணை நிற்கிறது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 11-வது பிரிவு: வளர்ப்பவர் போதிய உணவு, தண்ணீர், இருப்பிடம் தராததும், நெடுநேரம் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பதும் குற்றம். ஆனால் முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். டீ, வடைக் காசு! போலீஸ் வாசலில் வந்து நிற்பதுதான் உண்மையான அழுத்தம். தேதியோடு படங்கள் இருந்தால் புகாருக்கு வலு. கொடுத்தது யாரென்று தெருவுக்கே தெரிந்துவிடும். அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

எலும்பு தெரிய மெலிந்தாலோ, புண்ணில் புழு வைத்தாலோ, அடி விழுந்தாலோ பேச்சே வேண்டாம், நேரே காவல் நிலையம். மற்றபடி என் ஓட்டு முதலில் பேச்சுக்கு. ஒரு வாரத்தில் மாற்றமில்லை என்றால் எழுத்தில் புகார்.