520டி-யா, 520ஐ-யா: குதிரைத்திறன் ஒன்று, குணம் வேறு

மலேசியாவில் பேராக் மாநிலத்துப் பீடோர் மாதிரி ஊரில் இருந்துகொண்டு பழைய பிஎம்டபிள்யூ 5 சீரீஸ் தேடினால், கடைசியில் மனசு இரண்டு வண்டியில்தான் வந்து நிற்கும்: 2014க்கு முந்தைய எஃப்10 என்ற தலைமுறையில் டீசல் 520டி, இல்லாவிட்டால் பெட்ரோல் 520ஐ. மூன்று லிட்டர் ஆறு சிலிண்டருக்கு ஆசை இருந்தது. சாலை வரியே வருடத்துக்கு இரண்டாயிரம் வெள்ளியை (ரிங்கிட்) தாண்டும் என்றதும் ஆசை அடங்கிவிட்டது. டீசல் மச்சானிடம் இருக்கிறது, இரண்டு வருடமாக அதை அவரைவிட நான்தான் அதிகம் ஓட்டியிருப்பேன். 2024 கடைசியில் நான் வாங்கியது பெட்ரோல்.

சீட், சஸ்பென்ஷன், எட்டு கியர் ஆட்டோ எல்லாம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இன்ஜினுக்கு வருவோம். இரண்டும் இரண்டு லிட்டர் டர்போ, இரண்டும் 184 குதிரைத்திறன். நூறு கிலோமீட்டர் வேகம் பிடிக்க டீசலுக்கு 8.1 வினாடி, பெட்ரோலுக்கு 8.0. தாளில் இப்படி. இழுவையில்தான் சாயம் வெளுக்கும்: டீசலுக்கு 380 நியூட்டன் மீட்டர், பெட்ரோலுக்கு 270.

தெலுக் இந்தான் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் மாட்டினால் இது நன்றாகப் புரியும். டீசலில் காலை லேசாக அழுத்தினால் போதும், இன்ஜின் நிமிடத்துக்கு 1750 சுற்று சுற்றும்போதே முழு இழுவையும் வந்துவிடும், லாரி பின்னால் போய்விடும். பெட்ரோலில் அழுத்தினால் கியர் இரண்டு படி இறங்கும், இன்ஜின் ஒரு குரல் கொடுக்கும், பிறகுதான் பாயும். தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும் வளைவுகளிலும் இதே கதைதான். பெட்ரோல் 1250 முதல் 4500 சுற்று வரை ஒரே சீராக இழுக்கும் என்பது உண்மை. ஆனாலும் நாலு பேரும் பெட்டியுமாக மலை ஏறும்போது டீசலுக்குத்தான் என் ஓட்டு.

அப்புறம் ஏன் பெட்ரோல்? கணக்குதான்.

மச்சானின் டீசல் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருகிறது, என்னுடையது 11. நான் மாதம் 1500 கிலோமீட்டர் ஓடுகிறவன். டீசலென்றால் சரியாக 100 லிட்டர். லிட்டர் 2.15 வெள்ளிக்கு விற்றவரை மாதச் செலவு 215. அன்றைக்கு ரான் 95 பெட்ரோல் லிட்டருக்கு 2.05, எனக்கு 136 லிட்டர் வேண்டும், ஏறக்குறைய 280. டீசல்காரர் சிரித்த காலம் அது. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் 3.35 ஆனது. ஒரே நாளில் 215 போய் 335! மச்சான் அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் வண்டிப் பேச்சையே எடுக்கவில்லை. 2025 செப்டம்பர் 30 முதல் மைகாட் (மலேசியர்களின் அடையாள அட்டை) காட்டினால் ரான் 95 லிட்டருக்கு 1.99 என்று ஆனது, அப்போது மாதம் 300 லிட்டர் வரை. எனக்கு அதில் பாதிகூடத் தேவைப்படவில்லை, செலவு 271. டீசல் 2.71க்கு இறங்கினால்தான் இரண்டும் சமம், அதற்கும் கீழே போனால்தான் அவருக்கு லாபம். இது எங்கள் இரண்டு வண்டியை வைத்துப் போட்ட கணக்கு. வாரம் மூன்று தடவை கோலாலம்பூர் ஓடுகிறவருக்கு வேறு எண் வரும்.

இன்னொன்று கரி வடிகட்டி. டீசல் புகையில் உள்ள கரியை அது பிடித்து வைத்து, சூடு ஏறியதும் எரித்துத் தள்ளும். அந்தச் சூட்டுக்கு இருபது நிமிடமாவது நல்ல ஓட்டம் வேண்டும். வீட்டிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து கோயில் என்று மூன்று மூன்று கிலோமீட்டராக ஓடினால் கரி தங்கிக்கொண்டே போகும். ஒரு நாள் மார்க்கெட்டிலிருந்து வந்து இன்ஜினை நிறுத்திவிட்டு மீன் பையோடு இறங்கினேன், முன்னால் காற்றாடி மட்டும் ஊளையிட்டுக்கொண்டிருந்தது, போர்ச் முழுக்கச் சூட்டு வாடை. "வண்டிய நிப்பாட்டலயா தம்பி?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டார். பழுதெல்லாம் இல்லை, எரித்துக்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்தினால் அப்படித்தான். ஆனால் என் ஓட்டத்தில் பாதிக்கு மேல் இந்த மூன்று கிலோமீட்டர்தான். பெட்ரோலில் இந்தத் தொல்லையே இல்லை.

கேமரன் போகும்போது மட்டும் மச்சானும் நானும் சாவி மாற்றிக்கொள்கிறோம். திரும்பி வரும்போது டாங்கை நிரப்பித் தர வேண்டும் என்பது அவர் கண்டிஷன்.