ஒதுக்கி வைத்த உணவை மறுபடி சாப்பிடுவது: வீட்டிலா, மருத்துவமனையிலா?

அலர்ஜி டெஸ்ட் ரிப்போர்ட்டில் "பாசிட்டிவ்" என்று இருப்பதையெல்லாம் நிறுத்திவிடுவது சுலபம். சில வருஷம் கழித்து, "இதை இனி சாப்பிடலாமா?" என்று கேட்கும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. அப்படியே தவிர்ப்பது, வீட்டில் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்ப்பது, மருத்துவமனையில் டாக்டர் முன்னால் சாப்பிடுவது, நன்றாக வெந்த வடிவத்திலிருந்து படிப்படியாக ஏறுவது என்று நான்கு வழிகள் இருக்கின்றன. எது யாருக்கு என்பதை ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்ய முடியாது. முதலில் ஏன் நிறுத்தினீர்கள் என்பதில்தான் பாதி பதில் இருக்கிறது.

வந்தது ஐஜிஜி (IgG, ரத்தத்தில் இருக்கும் ஒரு வகை எதிர்ப்புப் புரதம்) ரிப்போர்ட் என்றால், அதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஒரு உணவை உடம்பு ஏற்கெனவே சந்தித்திருக்கிறது என்பதைத்தான் ஐஜிஜியில் ஒரு பிரிவான ஐஜிஜி4 காட்டுகிறது. அலர்ஜியைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர் அமைப்பு 2008-லேயே சொல்லிவிட்டது. தோலில் குத்திப் பார்ப்பதும் ரத்தத்தில் ஐஜிஇ (IgE, உடனடி அலர்ஜியைக் கிளப்பும் எதிர்ப்புப் புரதம்) பார்ப்பதும் உருப்படியான சோதனைகள். ஆனால் தோலில் 3 மி.மீ. தடிப்பு வந்தால், அந்த உணவுக்கு எதிரான ஐஜிஇ உடம்பில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். சாப்பிட்டால் ஏதாவது ஆகுமா என்பது வேறு கேள்வி. தடிப்பு பெரிதாக இருந்தால் அலர்ஜிக்கான வாய்ப்பு கூடும். ஆனால் வந்தால் எவ்வளவு கடுமையாக வரும் என்பதை அது சொல்லாது.

தொடர்ந்து தவிர்ப்பதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். இறால் சாப்பிட்டு மூச்சுத் திணறி, ஐஜிஇயும் உயரத்திலேயே நிற்கிறவருக்கு அதுதான் சரி. பெரியவரான பிறகு வந்த இறால் அலர்ஜி பெரும்பாலும் போவதில்லை. ஆனால் பால், முட்டை, கோதுமை மூன்றையும் வெறும் ரிப்போர்ட்டை நம்பி ஒதுக்கியவர் கொடுக்கும் விலை பெரிது. சத்துக் குறைவு ஒரு பக்கம், வெளியே எங்கே சாப்பிட்டாலும் பயம் இன்னொரு பக்கம். இன்னொரு ஆபத்தும் உண்டு. எக்ஸிமா என்ற அரிப்புத் தோல் நோய்க்காக ஒரு உணவை நிறுத்திவிட்டுத் திரும்பச் சாப்பிட்டபோது, முன்பு இல்லாத உடனடி அலர்ஜி சிலருக்கு வந்திருக்கிறது. இப்படிப் பதிவானவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள்.

அடுத்தது, வீடா மருத்துவமனையா? அந்த உணவைச் சாப்பிட்டு ஒருபோதும் எதுவும் ஆகாதவர், மெதுவாக வரும் வயிற்று உபாதை மட்டும் இருந்தவர், இப்படிப்பட்டவர்களுக்கு டாக்டர் சரி சொன்னால் வீடு போதும். ஒரு நேரத்தில் ஒரே உணவு, காய்ச்சல் இல்லாத நாள், பக்கத்தில் ஒருவர் துணைக்கு. அன்றைக்கு மது, கடுமையான உடற்பயிற்சி, ஐபுப்ரூஃபன் மாதிரி வலி மாத்திரை எதுவும் வேண்டாம். சிலருக்குக் கோதுமை தனியாக ஒன்றும் செய்யாது, சாப்பிட்டுவிட்டு ஓடினால்தான் அலர்ஜி கிளம்பும். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவரும், முன்பு சில நிமிடங்களிலேயே தடிப்போ வீக்கமோ வாந்தியோ வந்தவரும் வீட்டில் முயலவே கூடாது.

மருத்துவமனைச் சோதனை அலுப்பூட்டும் வேலைதான். சில நாள் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்த வேண்டும். முதல் அளவு நாக்கில் தெரியாத அளவுக்குச் சின்னது. பரவலாகப் பயன்படும் ஒரு வரிசையில் அது 3 மில்லிகிராம் புரதம். பிறகு 10, 30, 100 என்று ஏறி 3,000 வரை போகும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் இருபது, முப்பது நிமிடம். அந்த இடைவெளியில் நர்ஸ் வந்து நாடி பார்ப்பார், உதட்டையும் தோலையும் பார்ப்பார், மூச்சில் விசில் சத்தம் கேட்கிறதா என்று கவனிப்பார். கடைசி அளவுக்குப் பிறகும் இரண்டு மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். கடுமையான அலர்ஜி வந்தால் உடனே போடும் அட்ரினலின் ஊசி பக்கத்திலேயே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பயம். பல வருஷம் அஞ்சிய ஒன்றை வாயில் வைத்ததும் தொண்டை இறுகும், நெஞ்சு படபடக்கும், வயிறு பிசையும். அது அலர்ஜியா பதற்றமா என்று வீட்டில் தனியாகக் கண்டுபிடிப்பது கஷ்டம். பாதியில் நிறுத்திவிட்டு, "எனக்கு இது ஆகாது" என்று ஆயுள் முழுக்க நம்பிவிடுவோம். மருத்துவமனையில் நாடியையும் தோலையும் பார்த்துச் சொல்ல ஆள் இருக்கிறது. அப்போதும் சந்தேகம் தீராவிட்டால், எதில் அந்த உணவு கலந்திருக்கிறது என்று நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாமல் கொடுத்துப் பார்க்கலாம். இதைவிட நம்பகமான சோதனை கிடையாது.

படிப்படி முறை, அதாவது மாவில் கலந்து வேகவைத்த பால் அல்லது முட்டையில் தொடங்கிக் கடைசியில் அப்படியே சாப்பிடுவது, லேசான அலர்ஜி உள்ள குழந்தைகளுக்காக உருவானது. பெரியவர்களுக்கு இதைக் கொஞ்சம் மிகையாகவே புகழ்கிறார்கள் என்பது என் எண்ணம். டாக்டர் மேற்பார்வையில் பாலுக்கும் முட்டைக்கும் முயலலாம், அவ்வளவுதான். வேர்க்கடலையை வறுத்தால் அதன் வீரியம் குறைவதில்லை. இறாலின் முக்கியப் புரதம் எவ்வளவு கொதித்தாலும் அசையாது. 2024-இல் அமெரிக்காவில் உணவு அலர்ஜிக்கு அனுமதி கிடைத்த ஒமாலிசுமாப் ஊசியை இந்த வரிசையில் சேர்க்க வேண்டாம். தெரியாமல் கொஞ்சம் உள்ளே போனால் வரும் பாதிப்பைக் குறைக்கத்தான் அது. ஊசி போட்டுக்கொண்டாலும் அந்த உணவைத் தவிர்க்கத்தான் வேண்டும்.

சோதனையில் தேறிய பிறகும் அந்த உணவைத் தொடாதவர்கள் நிறையப் பேர். வேர்க்கடலை அலர்ஜி போன குழந்தைகளில், அதை அடிக்கடி சாப்பிடாத சிலருக்கு அலர்ஜி திரும்பி வந்திருக்கிறது. அதனால் கிளம்பும் முன் டாக்டரிடம் மூன்று விஷயம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: வாரத்துக்கு எத்தனை தடவை, ஒரு தடவைக்கு எவ்வளவு, அட்ரினலின் பேனாவை (நாமே போட்டுக்கொள்ளும் ஊசி) இன்னும் எவ்வளவு நாள் கையில் வைத்திருப்பது.