ஸோப்ரிஸ்டா, ஹெர்னாண்டஸா, டெய்லரா: பல இடம் ஆடுபவருக்கு என்ன விலை, எங்கே வேலை?

ஜூலை கடைசி வாரம், அதாவது ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் ட்ரேடுக்கான கெடு நெருங்கும் நேரம் வந்துவிட்டால், மேஜர் லீக் பேஸ்பால் அணிகள் முதலில் தேடுவது பந்து வீசும் பிட்சரை. அதற்கு அடுத்தபடியாக, நாலைந்து இடங்களில் ஆடத் தெரிந்த ஒருவரை. இவர்கள் எல்லோருக்கும் 'யூட்டிலிட்டி' என்று ஒரே பெயர் வைத்துவிடுவதால்தான் ட்ரேடில் விலை தாறுமாறாகிறது. இவர்களில் மூன்று ரகம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் விலை வேறு, வேலை வேறு.

முதலில் பெஞ்சை எண்ணிப் பார்த்துவிடுவோம். இப்போதைய ரோஸ்டர் (அணிப் பட்டியல்) 26 பேர். அதில் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் கூடாது; எல்லா அணியும் அந்த 13-ஐயும் நிரப்பிவிடும். மீதி 13 பேட்டர்கள். டிஎச்சையும் (பிட்சருக்குப் பதிலாக பேட் மட்டும் பிடிப்பவர்) சேர்த்து ஒன்பது பேர் ஆட்டத்தில் இருப்பார்கள், பெஞ்சில் நாலு பேர். அதில் ஒருவர் மாற்று கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்). முதல் கேட்சருக்கு அடிபட்டால் வேறு ஆளே கிடையாது என்பதால், அவரைக் கடைசிவரை தொடமாட்டார்கள். ஆக, மேனேஜர் கையில் உண்மையில் இருப்பது மூன்று பேர். வெளியே எடுத்த ஆட்டக்காரர் அந்த ஆட்டத்தில் திரும்ப வரவும் முடியாது. டிஎச்சை ஃபீல்டுக்கு அனுப்பினால் டிஎச் வசதி போய்விடும், பிட்சரே பேட் பிடிக்க வேண்டிவரும். மூன்று பேரை வைத்துக்கொண்டு நாலு இன்ஃபீல்டு (பேஸ்களை ஒட்டிய), மூன்று அவுட்ஃபீல்டு (அதற்குப் பின்னால் உள்ள) இடங்களுக்குக் காப்பு தேடும் இந்த நெருக்கடியில்தான் பல இடம் ஆடுபவருக்கு மதிப்பு பிறக்கிறது.

முதல் ரகம்: தினமும் ஆடுபவர், இடம்தான் மாறும்

பென் ஸோப்ரிஸ்ட் இதற்கு இலக்கணம். 2006-இல் ஆப்ரி ஹஃபை ஆஸ்ட்ரோஸ் அணிக்குக் கொடுத்த ட்ரேடில் டாம்பா பே அணிக்கு வந்தவர். 2009-இல் பிட்சர், கேட்சர் தவிர எல்லா இடத்திலும் ஆடி 27 ஹோம் ரன் அடித்தார். இரண்டு கையாலும் பேட் செய்வார் என்பதால் எதிரணி எந்தப் பிட்சரைக் கொண்டுவந்தாலும் அவரை மாற்றத் தேவையில்லை.

2015 ஜூலையில் கான்சஸ் சிட்டியின் லெஃப்ட் ஃபீல்டர் அலெக்ஸ் கார்டனுக்கு இடுப்புத்தொடையில் தசை கிழிந்தது, இரண்டு மாதம் ஆட முடியாது. அந்த மாதக் கடைசியில் ஓக்லண்டிலிருந்து ஸோப்ரிஸ்டை வாங்கினார்கள். கொடுத்த விலை ஷான் மனாயா, ஆரன் புரூக்ஸ் என்ற இரண்டு பிட்சர்கள். ஸோப்ரிஸ்ட் முதலில் லெஃப்ட் ஃபீல்டில் நின்றார். செப்டம்பரில் கார்டன் திரும்பியதும் செகண்ட் பேஸுக்கு நகர்ந்தார். அங்கே ஓமர் இன்ஃபாண்டேயின் பேட்டிங் வருடம் முழுக்கப் படுத்திருந்தது. ஒரே ட்ரேடில் இரண்டு ஓட்டை அடைபட்டது. வெறும் லெஃப்ட் ஃபீல்டரை வாங்கியிருந்தால், கார்டன் வந்த அன்றே அவர் பெஞ்சுக்குப் போயிருப்பார். அந்த வருடம் வேர்ல்ட் சீரிஸ் கோப்பை கான்சஸ் சிட்டிக்கு.

விலை அதிகமா? மனாயா 2018-இல் ஓக்லண்டுக்காக பாஸ்டனை எதிர்த்து நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடத் தராத ஆட்டம்) வீசினார், அதனால் மலிவு என்று சொல்ல முடியாது. ஸோப்ரிஸ்டுக்கோ அது ஒப்பந்தத்தின் கடைசி வருடம். சீசன் நடுவில் கைமாறியவருக்கு குவாலிஃபையிங் ஆஃபர் (ஒரு வருட ஒப்பந்த அழைப்பு; அதை மறுத்து அவர் வேறு அணிக்குப் போனால் பழைய அணிக்கு ஈடு கிடைக்கும்) கொடுக்க முடியாது. ஆகவே அவர் குளிர்காலத்தில் 4 வருடம், 5.6 கோடி டாலருக்கு கப்ஸ் அணிக்குப் போனபோது ஈடாக ஒரு டிராஃப்ட் இடம்கூட (புது இளம் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு) கிடைக்கவில்லை. இருந்தும் அந்த ட்ரேட் சரி என்பதே என் கணக்கு. இரண்டு மாத வாடகைக்கு நல்ல ப்ராஸ்பெக்ட் (எதிர்காலம் உள்ள இளம் ஆட்டக்காரர்) ஒருவரைக் கொடுக்கலாம். வாங்கப்படுபவர் தினமும் லைன்அப்பில் இருப்பார், கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்ற இரண்டும் சேர்ந்தால் மட்டும்.

இரண்டாம் ரகம்: இடதுகைப் பிட்சர் வரும் நாளுக்கு

கீக்கே ஹெர்னாண்டஸ் வலதுகை பேட்டர். இடதுகைப் பிட்சரை நன்றாக அடிப்பார், வலதுகைப் பிட்சரிடம் சுமார். 2014 டிசம்பரில் மயாமியிலிருந்து டாட்ஜர்ஸ் அணிக்கு வந்தபோதிலிருந்தே அவருடைய வேலை தெளிவாக இருந்தது: எதிரணியின் இடதுகை ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்) வீசும் நாளில் ஆடுவது, மற்ற நாளில் ஆறாவது, ஏழாவது இன்னிங்ஸில் பிஞ்ச் ஹிட் (வேறொருவருக்குப் பதிலாக வந்து பேட் செய்வது). 2020 லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், இடதுகை ரிலீவர் (நடுவில் வரும் மாற்றுப் பிட்சர்) ஏ.ஜே. மின்டரை எதிர்த்து பிஞ்ச் ஹிட்டராக வந்து ஸ்கோரைச் சமன்செய்த ஹோம் ரன் அந்த வேலையின் உச்சம்.

இந்த ரகத்தை வாங்கும் அணிகள் செய்யும் தவறு, பல இடம் ஆடுபவரை ஒரு கடினமான இடத்தில் நிரந்தரமாக நிறுத்துவது. 2023-இல் பாஸ்டனில் அதுதான் நடந்தது. ஷார்ட்ஸ்டாப் (செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவே நிற்பவர்) ஸாண்டர் போகார்ட்ஸ் சான் டியேகோவுக்குப் போய்விட்டார், அந்த இடத்துக்கு இருந்த ட்ரெவர் ஸ்டோரிக்கு முழங்கையில் அறுவை. ஷார்ட்ஸ்டாப் வேலை ஹெர்னாண்டஸ் தலையில் விழுந்தது. வாரத்துக்கு ஒரு நாள் ஷார்ட்ஸ்டாப் நிற்பதும் தினமும் நிற்பதும் ஒன்றல்ல. மூன்றாம் பேஸ் பக்கமாகப் போய், கால் ஊன்ற நேரமில்லாமல் உடம்பைத் திருப்பி ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறியும் பந்து, தினசரிப் பயிற்சி இல்லாத கையிலிருந்து குறி தவறிவிடும். எறிதல் பிழைகள் குவிந்தன, பேட்டிங் சராசரியும் .222-க்கு விழுந்தது. ஜூலையில் இரண்டு ரிலீஃப் பிட்சர்களுக்கு டாட்ஜர்ஸே அவரைத் திரும்ப வாங்கியது. பழைய வேலையைக் கொடுத்ததும் .262.

விலை ஒப்பீட்டைக் கவனியுங்கள்: ஸோப்ரிஸ்டுக்கு முன்னணி ப்ராஸ்பெக்ட், ஹெர்னாண்டஸுக்கு இரண்டு ரிலீவர்கள். அது சரியான இடைவெளிதான். இரண்டாம் ரகத்துக்கு முதல் ரகத்தின் விலையைக் கொடுப்பதுதான் ஜூலையில் அடிக்கடி நடக்கும் விபத்து.

மூன்றாம் ரகம்: பெயர் தெரியாதபோதே வாங்குவது

2016 ஜூனில் சியாட்டலிடமிருந்து கிறிஸ் டெய்லரை டாட்ஜர்ஸ் வாங்கியபோது கொடுத்தது, மேஜர் லீக்கில் ஒரே ஒரு ஆட்டம் வீசியிருந்த ஸாக் லீ என்ற பிட்சரை. அடுத்த வருடம் ஸ்விங்கை மாற்றிக்கொண்டு 21 ஹோம் ரன், லீக் இறுதியில் இணை எம்விபி (தொடரின் சிறந்த ஆட்டக்காரர்). இதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடலாம். ஆனால் அவர் ஷார்ட்ஸ்டாப்பாக வளர்ந்தவர். அங்கே ஆடத் தெரிந்தவருக்கு செகண்ட் பேஸ், தேர்ட் பேஸ், லெஃப்ட் ஃபீல்டு எல்லாம் இறக்கம்தான். லெஃப்ட் ஃபீல்டரை ஷார்ட்ஸ்டாப்பாக மாற்றுவது ஏற்றம், அது நடக்காது. ஆகவே "ஆறு இடம் ஆடுவார்" என்ற எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். ஷார்ட்ஸ்டாப்போ சென்டர் ஃபீல்டோ அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். லெஃப்ட், ரைட், ஃபர்ஸ்ட் பேஸ் என்று மூன்று இடம் ஆடுபவர் பல திறனாளர் அல்ல, இடம் கிடைக்காத பேட்டர்.

இதே ரகத்தில் மைனர் லீக் 'ஆப்ஷன்' (கீழ்நிலை லீக்குக்கு அனுப்பும் உரிமை) மீதமுள்ளவருக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. வேவர் (மற்ற அணிகள் எடுத்துக்கொள்ள வாய்ப்புத் தரும் முறை) வழியாக இழக்கும் பயமில்லாமல் அவரைக் கீழே அனுப்பி, ஒருவர் காயப்பட்டதும் மேலே அழைத்துக்கொள்ளலாம்.

ஆட்டத்துக்குள் என்ன செய்வது

ஏழாவது இன்னிங்ஸ். எதிரணி இடதுகை ரிலீவரைக் கொண்டுவருகிறது. உங்கள் லெஃப்ட் ஃபீல்டர் இடதுகை பேட்டர். பெஞ்சில் இருக்கும் வலதுகை பேட்டருக்கோ செகண்ட் பேஸ் மட்டும்தான் தெரியும். செகண்ட் பேஸில் பல இடம் ஆடுபவர் நின்றிருந்தால் பிரச்சினையே இல்லை: பெஞ்ச் ஆளை லெஃப்ட் ஃபீல்டருக்குப் பதிலாக பேட் செய்யவிடுங்கள், அடுத்த அரை இன்னிங்ஸில் அவர் செகண்ட் பேஸுக்கு, பல இடம் ஆடுபவர் லெஃப்ட் ஃபீல்டுக்கு. பல இடம் ஆடுபவர் ஆட்டத்துக்குள் இருந்தால்தான் இது நடக்கும். அவரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் ஒரு நகர்வோடு தீர்ந்துபோவார். ரசிகர்கள் "அவரைக் கடைசிக்கு வைத்துக்கொள்" என்று கத்துவதில் எனக்கு உடன்பாடில்லாதது இதனால்தான்.

2020 முதல் ரிலீவர் குறைந்தது மூன்று பேட்டர்களுக்கு வீச வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸை முடிக்க வேண்டும். நீங்கள் பிஞ்ச் ஹிட்டரை அறிவித்ததுமே அந்த இடதுகை ரிலீவரை இழுத்துக்கொள்ள அவர்களால் முடியாது. ஹெர்னாண்டஸ் ரகத்தின் மதிப்பை ஏற்றிவிட்ட விதி இது.

உட்கார்ந்தே இருந்து திடீரென்று பேட் பிடிப்பவர்கள் தங்கள் வழக்கமான அளவுக்குக் கீழேதான் அடிப்பார்கள். அதனால் இரண்டாம் ரகத்துக்கும் வாரத்தில் இரண்டு, மூன்று நாள் முழு ஆட்டம் தேவை. எந்த நாள், எந்த இடம் என்று தொடர் ஆரம்பிக்கும்போதே சொல்லிவிட்டால், அந்த இடத்தின் பந்துகளை முன்கூட்டியே எடுத்துப் பழகுவார்.

இத்தகைய ஒருவர் போதுமா, இருவர் வேண்டுமா? 2024-இல் டாட்ஜர்ஸ் மூன்று அணி ட்ரேடில் டாமி எட்மனை வாங்கியபோது ஹெர்னாண்டஸ் ஏற்கெனவே அங்கே இருந்தார், எட்மனோ மணிக்கட்டு அறுவையிலிருந்து மீண்டுகொண்டிருந்தார். முதல் ஆட்டமே ஆகஸ்ட் 19-இல்தான். அநாவசியம் என்று தோன்றிய வாங்கல். அக்டோபரில் ஷார்ட்ஸ்டாப் மிகேல் ரோஹாஸ் காயப்பட்டதும் எட்மன் சென்டரிலிருந்து ஷார்ட்ஸ்டாப்புக்கு வந்தார், சென்டரை ஹெர்னாண்டஸ் எடுத்துக்கொண்டார். எட்மன் தன் பேட்டிங்கால் 11 ரன் எடுக்கவைத்து லீக் இறுதியின் எம்விபி ஆனார். ஒருவர் மட்டும் இருந்திருந்தால் ஷார்ட்ஸ்டாப், சென்டர் இரண்டில் ஒன்று காலி.

இதுவே போட்டியில் இல்லாத அணியாக இருந்தால், கணக்கு தலைகீழ். ஒப்பந்தத்தின் கடைசி வருடத்தில் இருக்கும் ஸோப்ரிஸ்ட் ரகத்தை ஜூலையிலேயே விற்றுவிட வேண்டும், ஓக்லண்ட் செய்தது போல. டெய்லர் ரகத்தை விற்கக்கூடாது: கையில் இன்னும் நாலைந்து வருட உரிமை இருக்கும், கேட்பவர்கள் கொடுப்பதோ ஸாக் லீ அளவுதான்.